ஆளுக்கு வேணும், வண்டிக்கு வேண்டாம்

எங்கள் காரில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பவுடர் டப்பா இருக்கும். மூடியில் நீளமாக ஒரு வாய் வெட்டி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து திரும்பும்போது, அவரவர் இறங்குகிற இடத்தில், கதவைத் திறப்பதற்கு முன்னால் அந்த வாயில் பெட்ரோலுக்கென்று முடிந்ததைப் போடுவார்கள். அந்த நேரத்தில் நான் என் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கக் கூடாது. இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, தானாக வந்த பழக்கம். எங்கள் கூலி ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. மழை வந்தால் கான்கிரீட் நின்றுவிடும். கையில் இல்லாதவன் முகத்தை வேறு எதற்குப் பார்ப்பது?

நான் கலவை சுமக்கிறவன். கார் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். அதில் என்னோடு மூன்று பேர் வருவார்கள். முன் சீட்டில் கொத்தனார் அண்ணன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துச் சரி என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் மட்டம் வைத்துப் பார்ப்பதில்லை. பின்னால் என் மனைவியின் தம்பியான மச்சான். அவன் பக்கத்தில் ஜல்லி அள்ளுகிற ரேடியோ. அவனுக்கு அம்மா வைத்த பெயர் எங்களுக்கு மறந்து ரொம்ப நாளாகிறது. வாயை மூட அவனுக்குத் தெரியாது. பேட்டரியை எங்கே சொருகியிருக்கிறான் என்று மச்சான் அவன் முதுகைத் தட்டித் தட்டிப் பார்ப்பான்.

காரின் இன்சூரன்ஸ் முடிய இன்னும் சில நாள் இருந்தபோது வெள்ளையடிக்கிறவர்களின் வேன் கவிழ்ந்தது. எங்கள் கட்டடத்திலேயே வேலை செய்கிற கூட்டம். ஒருவருக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. பார்க்கப் போனோம். கட்டிலில் படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையடிக்கிறவர் அல்லவா, கண் தானாக அங்கேதான் போகும்.

அவர் மனைவிதான் பேசினாள். "இன்சூரன்ஸ்லேருந்து வந்தாங்க. காசு குடுத்துத்தானே வேன்ல ஏறினீங்கன்னு கேட்டாங்க. ஆமான்னேன். உள்ளதைத்தானே சொன்னேன்? அது சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸாம். காசு வாங்கி ஆள் ஏத்தினா செல்லாதாம். அதோட முடிஞ்சு போச்சு."

"ஓட்டினவன் வந்து பாத்தானா?" என்று கொத்தனார் கேட்டார்.

"வந்து பாக்க முகம் வேணுமில்ல?"

காரில் திரும்பினோம். கொத்தனார் இறங்கும்போது நான் வழக்கம்போல வெளியே திரும்பிக்கொண்டேன். டப்பாவுக்குள் காசு விழுந்தது. அந்தச் சத்தம் அன்றைக்கு, காசு குடுத்துத்தானே ஏறினீங்கன்னு யாரோ கேட்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் இன்சூரன்ஸ் கடைக்குப் போனேன். வருஷா வருஷம் அங்கேதான் எடுப்பது. கடைக்காரர் என்னைக் கண்டதும் கால்குலேட்டரைக் கையில் எடுத்தார்.

"எப்பவும் போடறதையே போட்டுடலாமா?"

"வண்டியில என்னோட ஆளுங்க வர்றாங்க. ஆளுக்குக் கொஞ்சம் காசு போடறாங்க. அடிபட்டா அவங்களுக்குக் கிடைக்குமா?"

அவர் விரல் நின்றது. "இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க? நான் கேட்டேனா?"

"கிடைக்குமா, கிடைக்காதா?"

"யாராவது கேட்டா, எல்லாம் சொந்தக்காரங்க, சும்மா ஏத்திட்டுப் போறேன்னு சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. விலையைப் பாருங்க. இதைவிடக் கம்மியா யார் குடுப்பா?"

விலை கம்மிதான். கூரை இல்லாத வீட்டுக்கும் வாடகை கம்மியாகத்தான் இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கையில் நுரையோடு திரும்பினாள்.

"முன்னாடி உக்காந்து ஓட்டறது நீங்க. பின்னாடி உக்காந்து வர்றது என் தம்பி. ரெண்டு பேருக்கும் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் வாசல்ல போய் நிக்கிறது?"

"டப்பாவை எடுத்துடறேன். காசே வேண்டாம்னு சொல்லிடறேன்."

"பெட்ரோலுக்கு எங்கப்பா வந்து குடுப்பாரா? சரி, உங்க சம்பாத்தியத்துலயே போடுங்க. கொத்தனார் ஓசியில ஏறுவாரா?"

ஏற மாட்டார். டீ வாங்கிக் கொடுத்தாலே மறுநாள் திருப்பி வாங்கிக் கொடுக்கிறவர் அவர்.

அரை நாள் கூலியை விட்டுவிட்டு வேறொரு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, வரிசையாக நாற்காலி, உள்ளே நல்ல குளிர். என் சட்டையிலிருந்து சிமெண்ட் உதிர்ந்துவிடுமோ என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குச் சளி. மூக்கைத் துடைத்துத் துடைத்து நுனி சிவந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டாள். தினம் எவ்வளவு தூரம் ஓட்டுகிறேன், ராத்திரி வண்டி எங்கே நிற்கும், யார் யார் ஏறுகிறார்கள்.

"கூட வர்றவங்ககிட்ட காசு வாங்கறீங்களா?"

"நான் பாக்கறதில்லம்மா."

"என்னது?"

டப்பாவைப் பற்றிச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் சொன்னேன். முதலில் சிரித்தாள், அது இருமலாகிவிட்டது. அடங்கியதும் சிரிப்பும் போய்விட்டது.

"நீங்க பாக்கலேன்னா என்ன? டப்பா உங்களோடதுதானே? வாங்கறீங்கன்னுதான் கணக்கு. அதுக்கு வேற இன்சூரன்ஸ் எடுக்கணும்."

அதற்கு ஒரு விலை சொன்னாள். அவ்வளவு முடியாதும்மா என்றேன். அவள் எழுந்து கண்ணாடி வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அந்த நசுங்கின வண்டியா?"

"ஆமாம்மா."

"அதைத் திருடினா திருடனுக்குத்தான் செலவு." திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இப்ப நான் சொன்னதுல வண்டி திருட்டுப் போனா, அடிபட்டா, அதுக்குக் குடுக்கறதும் சேர்ந்திருக்கு. அது வேண்டாம்னு எடுத்துடலாம். உள்ள இருக்கிறவங்க, ரோட்டுல போறவங்க, ஓட்டற நீங்க, இவங்களுக்கு மட்டும் வெச்சுக்கலாம். டப்பா இருந்தாலும் செல்லும். ஆனா வண்டிக்கு ஒண்ணு ஆனா நீங்கதான் பாத்துக்கணும்."

"ஆளுக்கு வேணும், வண்டிக்கு வேண்டாம்" என்றேன்.

"வேற யாராவது ஓட்டுவாங்களா?"

"எனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டா மச்சான் ஓட்டுவான். சின்ன வயசு."

"அவர் பேரை எடுத்துட்டா விலை இன்னும் இறங்கும். ஆனா அப்புறம் அவசரத்துக்குக்கூட அவர் ஓட்டக் கூடாது. ஓட்டினா யாருக்கும் எதுவும் கிடைக்காது. அப்புறம் வந்து தெரியாதுன்னு சொல்லாதீங்க."

எடுக்கச் சொன்னேன். அப்படியும் கடைக்காரர் சொன்னதைவிட அதிகம்தான். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிற விலை. இரண்டு தவணை. முதல் தவணையைக் கட்டிவிட்டு, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. வெளியே வந்து காரைத் திறக்கும்போது அதன் முகத்தைப் பார்க்கவே என்னவோ போலிருந்தது. இத்தனை வருஷம் எங்களைச் சுமந்த வண்டி, அதற்கென்று ஒன்றுமில்லை.

சாயங்காலம் காரில் எல்லோருக்கும் சொன்னேன். மச்சானுக்குத்தான் முதலில் பற்றிக்கொண்டது.

"நான் ஓட்டக் கூடாதா? நான் என்ன குடிகாரனா?"

"உன் வயசு பத்தலையாம்."

"அப்ப வயசாகட்டும்னு காத்திருக்கணுமா?"

"கல்யாணத்துக்குக் காத்திருக்கே இல்ல, அதோட சேர்த்து இதுக்கும் காத்திரு" என்றான் ரேடியோ.

கொத்தனாரும் சிரித்தார். அதோடு முடிந்திருக்கலாம். மச்சான் முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டான்.

"அத்தான், இவ்வளவு கட்டிட்டு இனிமே டப்பாவை நம்ப முடியாது. ஆளுக்கு இவ்வளவுன்னு பேசிட்டு வாரக் கடைசியில கையில வாங்கிடுங்க. இல்லேன்னா அடுத்த தவணை எங்கேருந்து வரும்?"

"சரிதாண்ணே. நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன்" என்றான் ரேடியோ.

நியாயமான பேச்சு. நான் கொத்தனாரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவரைப் பூச்சு வேலைக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. வாரத்தில் பாதி நாள் கட்டடத்துக்கு வந்து, யாராவது கூப்பிடுவார்களா என்று நிழலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார். டப்பாவில் அவர் பங்காக என்ன விழுகிறது என்று நான் பார்த்ததில்லை. சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியாதே.

"நல்லதுதான். முறையா இருக்கட்டும்" என்றார் அவர்.

நானும் சரி என்று சொல்லிவிட்டேன். டப்பாவை எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தூசித்தடம் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவர் வழக்கமாக நிற்கிற முனையில் ஆள் இல்லை. ரேடியோ போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று மச்சான் சொன்னான். அவன் குரலிலேயே அதை அவன் நம்பவில்லை என்று தெரிந்தது.

பாலம் தாண்டியதும் அவரைப் பார்த்தோம். பூச்சுக் கரண்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார். ஓரம் எங்கே முடிகிறது என்று கண் தெரியாமல், காலால் தடவித் தடவி வைத்தார். லாரி ஒன்று அவரை உரசுகிற மாதிரி போனது. காற்றில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்.

வண்டியை ஓரங்கட்டினேன்.

"ஏறுங்கண்ணே."

"நடக்கறது உடம்புக்கு நல்லதுப்பா. நீங்க போங்க."

"உங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கேன். வண்டிக்குள்ள இருந்தாத்தான் அது செல்லும். இப்படி வெளியில நடந்து வந்து லாரிக்காரன் அடிச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"கையில குடுக்கற மாதிரி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

நான் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டு டப்பாவை எடுத்தேன். அந்த வட்டத் தடத்திலேயே வைத்தேன். மச்சான் வாயைத் திறந்தான். அதற்குள் ரேடியோ சத்தமாக, "இன்னைக்கு மழை வரும் போலிருக்கில்ல?" என்றான். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

கொத்தனார் சுற்றி வந்து கதவைத் தேடிப் பிடித்து ஏறினார். கட்டடம் வரும்வரை மழையைப் பற்றி ரேடியோ ஒருவனே பேசிக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் அவர் முனையில் காரை நிறுத்தினேன். வெளியே பார்த்தேன். எதிரே ஒரு சுவர், பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு டப்பாவில் லேசாக ஒன்று விழுந்தது. கதவு திறந்து மூடியது.

"பாத்துப் போங்கப்பா" என்றார்.

கொஞ்ச தூரம் போனதும் மச்சான் கேட்டான், "அத்தான், அடுத்த தவணை?"

"இன்னும் நாள் இருக்கு."

வழி தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். எதிரே ஒரு வேன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு வந்தது. ஒரு கீறல் விழுந்தாலும் என் தலையில்தான் என்ற நினைப்போடு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஓரமாக ஒதுங்கி, அது போகிறவரை நின்றேன்.