இடது கண்ணைத் திருத்தியவர்

கல்யாண நாள் வந்தால் போதும், ஸ்டுடியோக்காரர் சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு, மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்துவிடுவார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அந்த ஆல்பத்தைத்தான் கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

மனைவியின் இடது இமை பாதிக் கண்ணை மூடிவிட்டது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இமை எப்போது இறங்கத் தொடங்கியது என்று தெரிய வேண்டும். திடீரென்று இறங்கியிருந்தால் மூளை ரத்தக்குழாயில் ஆபத்து இருக்கலாம். பழைய படங்களை ஒப்பிட்டுப் பார்க்க அங்கே செயற்கை நுண்ணறிவு நிரல் இருந்தது.

முறை வரும்வரை இருவரும் ஆல்பத்தைப் புரட்டினார்கள்.

"இதுல சிரிச்சு சிரிச்சு ஸ்டூல்லேருந்து விழப் பாத்தியே!"

"ஸ்டூல் ஆடுச்சு. கட்டை வைக்க மறந்தது யாராம்?"

அடடா, அந்த நாட்களில்தான் எத்தனை சிரிப்பு!

படங்களை நிரலில் ஏற்றிப் பார்த்த டாக்டரம்மா ஸ்டுடியோக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, கடைசி எட்டுப் படத்துல இடது கண்ணே இல்லையாம். வலது கண்ணைத் திருப்பி ஒட்டியிருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. உங்க கைவேலையா?"

அவர் முகம் செத்துவிட்டது. சாயங்காலமானால் அவள் கண் சொருகும். அக்கம்பக்கத்தார் 'தூங்குமூஞ்சி' என்று கேலி செய்வார்கள். படத்திலாவது அவள் அழகாக இருக்கட்டுமே என்று வருடா வருடம் ஒட்டியிருக்கிறார் மனுஷன். ஆசைதான், வேறென்ன?

"திருத்தாத படமெல்லாம் கடையில இருக்கும்மா," என்று எழுந்து ஓடினார்.

அந்தப் படங்களில் இமை எட்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. நிரல் அதை அளந்து காட்டியது. ரத்தப் பரிசோதனையும் உறுதி செய்தது: நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய்.

"மாத்திரையில கட்டுப்படுத்தலாம். இன்னும் விட்டிருந்தா மூச்சுக்கே ஆபத்தாகியிருக்கும்," என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் ஸ்டுடியோக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாதுன்னுதான்..."

"காலையில கண்ணாடி பாத்தா கண்ணு நல்லா இருக்கும். படத்துலயும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்போ நமக்கு வெறும் சோம்பேறித்தனம்தான்னு நானே நம்பிட்டேங்க," என்றாள் அவள். "என் கண்ணு சரியில்லைன்னு எட்டு வருஷமா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

அவர் நடுரோட்டிலேயே நின்றுவிட்டார்.

"வீட்டுல ஒருத்தர் உடம்புல குறை தெரிஞ்சா, ஊருக்கு மறைக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லணும், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். உன்கிட்டயே மறைச்சுட்டேனே, பாவி!"