ரயில் தாளம்

ஜெபசிங் மாஸ்டர் கீழே விழுந்ததும் தாளத்தோடுதான். நான்கு எண்ணி நடப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டப்போனவர், 'மூணு' வரைக்கும் கம்பீரமாக நடந்தார். 'நாலு' என்றபோது கால் கீபோர்டு வயரில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு, அவிழ்ந்த வேட்டியோடு தரையில் கிடந்தார். கோவளம் சர்ச்சில் பதினாறு வருஷம் கீபோர்டு வாசித்த கைக்கு, கால் ஒத்துழைக்கவில்லை.

"மாஸ்டர் அவுட்டு!" என்று கத்தினான் பரணிதரன். ஷபானா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

ஷாரோன் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தாள். ஏழு வயசு. அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செத்துப்போன கீபோர்டில் கிறிஸ்துமஸ் பாட்டை ஒரு விரல் பிசகாமல் வாசித்து முடித்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். மற்ற இருவரையும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

மாஸ்டருக்கு முட்டி வலி மறந்துபோனது.

அவர் வீட்டு வகுப்பில் முதல் பாடம் ரயில். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் தோளில் தாளம் தட்ட வேண்டும். கடைசிப் பெட்டி மாஸ்டர். அவருக்கு முன்பெட்டி எப்போதும் ஷாரோன்தான். அவள் தாளம் தப்பியதே இல்லை. எந்த விரல் எந்தக் கட்டையில் என்று ஒரு தடவை காட்டினால் போதும். 'என் கண்டுபிடிப்பு' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவருடைய ஜோக்குகளுக்கு மற்றதுகள் பேருக்குச் சிரித்து நிறுத்தினாலும் இவள் நீளமாகச் சிரிப்பாள். என்ன, கொஞ்சம் தாமதமாக. யோசித்து ரசிக்கிறாள் என்று நினைத்திருந்தார் மனுஷன்.

எழுந்துபோய் அவள் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உரக்கக் கூப்பிட்டார். ஷாரோன் திரும்பவில்லை. ஷபானாதான் பயந்தாள்.

சாயங்காலம் ஷாரோனின் அம்மா ரெபேக்காள், ரிசார்ட்டில் லாண்டரி வேலை முடித்துக் கூட்டிப்போக வந்தாள்.

"பாப்பாவுக்குக் காது நல்லா கேக்குதாம்மா?"

"சளி மாஸ்டர். பனிக் காலம் இல்ல?"

"ஜூன்லேர்ந்தா சளி?"

"அது அடம் புடிச்ச கழுத. கூப்ட்டா திரும்பாது."

"நான் வுழுந்த சத்தம் மகாபலிபுரம் வரைக்கும் கேட்ருக்கும். இவளுக்குக் கேக்கல."

"உங்க வெயிட்டு அப்டி கீது." சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது.

வழக்கமாக இந்த இடத்தில் மாஸ்டர் பதிலுக்கு ஒன்று விடுவார். விடவில்லை.

"கிறிஸ்மஸ் அன்னிக்கு முந்நூறு பேர் முன்னாடி உக்கார வெக்கப் போறேன். கொயர் ஒரு பக்கம் போவும், புள்ள ஒரு பக்கம் போவும். ஊரே சிரிக்கும்மா. நெசத்தச் சொல்லு."

வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே ஷாரோன் அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெபேக்காள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கேக்காது மாஸ்டர். போன வருஷ ஜுரத்துல ரெண்டு காதும் போச்சு. இனிமே வராதுன்ட்டாங்க. ஸ்கூலுக்குத் தெரிஞ்சா, எங்கயோ ஹாஸ்டல்ல கொண்டுபோய் வுடும்பாங்க. சர்ச்சுல ஒரு தபா வாசிச்சிட்டா எவனும் சந்தேகப்பட மாட்டான்னுதான் உங்ககிட்ட சேத்தேன்."

மாஸ்டர் குனிந்து பிளக்கை எடுத்து மறுபடி செருகினார். கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டார்.

"என் ஜோக்குக்கெல்லாம் சிரிச்சாளே?"

"மத்த புள்ளைங்க சிரிச்சா நீயும் சிரிக்கணும்னு ஒவ்வொரு தபாவும் சொல்லித்தான் அனுப்பறேன் மாஸ்டர்."