ஓசூர் கிடங்குக்குப் போன துண்டுகள்

உலக வணிக வரலாற்றில் சில நாட்கள் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கவை. அப்படியொரு நாள் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், பள்ளிபாளையத்தில், சாக்கடை அடைத்துக்கொண்ட ஒரு சந்தில் விடிந்தது.

அந்தச் சந்தில்தான் செந்தமிழன் குளோபல் எக்ஸ்போர்ட்ஸ் இருந்தது. அதாவது செந்தமிழன் இருந்தார், அவர் மனைவி ஜோதி இருந்தாள், ஒரு தையல் மிஷின் இருந்தது. எக்ஸ்போர்ட் இதுவரை கர்நாடகம் தாண்டியதில்லை. தறிக்காரர்களிடம் துண்டு வாங்கி, ஜோதி ஓரம் அடித்துத் தர, செந்தமிழன் ஆன்லைனில் விற்றார். ஆர்டர் வந்தாலும் கூரியர்காரன் இந்தச் சந்துக்குள் நினைத்தபோதுதான் வருவான். அதற்குள் வாங்கியவர் வேண்டாமென்று சொல்லிவிடுவார். அதனால் விற்பனைத் தளத்துக்காரர்களின் ஓசூர் கிடங்குக்கே சரக்கை முன்கூட்டி அனுப்பிவிடுவது என்று முடிவானது. ஆர்டர் வந்தால் அவர்களே கட்டி அனுப்பிவிடுவார்கள். தீபாவளிக்கென்று ஜோதி கோடை முழுக்கத் தைத்தது அத்தனையும் பெட்டிக்குள் போனது. அது விற்றால் அடுத்த தையல், இல்லாவிட்டால் ஜோதி மறுபடி ஸ்பின்னிங் மில்லுக்கு.

நல்ல காரியம், பூஜை போடாமல் அனுப்ப முடியுமா? செந்தமிழன் சந்தனத்தைக் குழைத்தார். பெட்டிக்கு மட்டுமல்ல, கவர் போட்ட ஒவ்வொரு துண்டுக்கும் பொட்டு வைத்தார்.

"ஏனுங்க, பொட்டிக்கு வெச்சாப் பத்தாதுங்களா?"

"அங்க போனதும் பொட்டியப் பிரிச்சிருவாங்க புள்ள. அப்புறம் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாத்தான் ஊரு சுத்தப் போவுது."

பொட்டு வைக்க நெற்றிபோல ஓர் இடம் வேண்டுமே. கவரில் வெள்ளையாக இருந்தது பார்கோடு ஒட்டிய தாள் ஒன்றுதான். அதன் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். தேங்காய் உடைத்தார்கள். லாரியோடு நின்று செந்தமிழன் எடுத்துக்கொண்ட படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியது. 'பள்ளிபாளையம் முதல் பாரதம் வரை' என்று கீழே எழுதினார். பரமத்தி வேலூர் மச்சானிலிருந்து மோகனூர் அத்தை வரை எல்லோரும் கைகூப்பிப் பதில் போட்டார்கள்.

சில நாட்கள் கழித்துக் கிடங்கிலிருந்து பிரீத்தி என்ற பெண் கூப்பிட்டாள்.

"சார், உங்க லேபிள் எதுவும் ஸ்கேன் ஆகல. மேல ஏதோ கறை இருக்கு."

"கறை இல்லைங்க அம்மிணி, குங்குமம்."

"மெஷினுக்கு அது கறைதான் சார். விற்பனைக்கு எடுக்க முடியாது. திருப்பி அனுப்பணுமா, அழிச்சிரணுமா? நீங்க பதில் சொல்லலைன்னா கெடு முடிஞ்சதும் அழிச்சிருவாங்க."

"திருப்பி வரச் சொல்லுங்க, வேற லேபிள் ஒட்டிக்கலாம்" என்றாள் பக்கத்தில் நின்ற ஜோதி.

செந்தமிழன் யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்தார்.

"தேங்கா ஒடச்சு அனுப்புன சரக்கு அதே லாரில திரும்பி வந்தா சந்துல எவன் மதிப்பான்?"

"அப்ப எங்கண்ணன் ஊட்டுக்கு வரச் சொல்லுங்க."

"உங்கண்ணன் ஸ்டேட்டஸ் பார்த்துட்டான்."

"மோகனூருக்கு?"

"அத்தையும் பார்த்துருச்சு."

"பார்க்காத ஆளா ஒருத்தரச் சொல்லுங்க, அங்க எறக்குவோம்."

அவர் போனை எடுத்து, ஸ்டேட்டஸ் பார்த்தவர்களின் பெயர்களை மேலும் கீழும் தள்ளினார். அறிந்தவர் அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அறியாதவர் வீட்டில் சரக்கு இறக்க முடியாது. மறுநாளும் தள்ளினார். ஜோதி முதலில் திட்டினாள், பிறகு கேட்டாள், பிறகு கேட்பதையும் விட்டுவிட்டு மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். நடுவில் பிரீத்தி இரண்டு முறை கூப்பிட்டாள். செந்தமிழன் போன் அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனம் வலித்திருந்தாலாவது எடுத்திருப்பார். ஒன்றும் தோன்றவில்லை. கெடு முடிந்தது, அழித்தாயிற்று என்று செய்தி வந்தது. அதையும் பற்பொடி விளம்பரத்தைப் படிப்பதுபோல் படித்து முடித்தார்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் கண்ணுசாமி மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார்.

"என்னுங் தம்பி, ஓசூர்ச் சரக்கு என்னாச்சு?"

"ஒண்ணு மிச்சமில்லைங்ணா."

"அத்தனையுமா? பூஜை போட்டது வீண்போகலைன்னு சொல்லுங்க."

"அதானுங்க."

"எனக்கும் அந்த வழியக் கொஞ்சம் சொல்லிக்குடுங்க சாமி. நானும் நாலு பொட்டி அனுப்பறேன்."

"சொல்றனுங்க. குளிச்சுட்டு வாரேன்."

உள்ளே ஜோதி ஸ்பின்னிங் மில் வேனுக்காகச் சோற்றுப் போசியைக் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுசாமி சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் நிமிரவில்லை. செந்தமிழன் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார்.

பெட்டி நிறையவேண்டும் என்று வீட்டுத் துண்டுகளையும் துவைத்துக் கவர் போட்டு அனுப்பியிருந்ததால், ஜோதியின் பழைய உள்பாவாடையில் துவட்டிக்கொண்டார்.