இடது கன்னத்துக் காற்று

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு இஷ்பெல் மலைப் பக்கம் போகவே இல்லை. இன்வர்லோய் கிராமத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். தினமும் காலையில் வண்டிக் கண்ணாடிக்கு நேர் எதிரே மியால் டோர்க் மலை வந்து நிற்கும். அவள் பார்வையைச் சாலையிலேயே வைத்துக்கொள்வாள். ஆபரேஷனுக்கு முன்பெல்லாம் ஊர்ப் பெண்களை அந்த மலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். தாராளமாக ஏறலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். கால் சரியாகிவிட்டது, மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஈரமான படிக்கட்டில் இறங்கும்போதுகூடக் கை தானாகவே பிடிமானம் தேடியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எஃபி அவளுடன் பள்ளியில் படித்தவள். மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் வேன் ஜன்னலைத் தட்டினாள்.

"சனிக்கிழமை டோர்க் போறோம்."

"யாரு யாரு?"

"நீயும் நானும். உன்னைத் தள்ளிக்கிட்டுப் போக வேற யாரு வருவா?"

"மேல இன்னும் பனி கிடக்குடி."

"பனி இல்லாம மார்ச்சா? அரசாங்கம் உனக்குப் புது இடுப்பு போட்டது எதுக்கு, ஷோகேஸ்ல வைக்கவா?"

இஷ்பெல் சிரித்தாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை எஃபியின் புருஷன் லாக்லனிடம் எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்கப்போகிறார்கள் என்று இஷ்பெல் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். இருட்டுவதற்குள் வராவிட்டால் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும் என்றாள்.

"இருட்டினதும் கூப்பிடணுமா, இல்ல நான் சாப்பிட்டுட்டுக் கூப்பிடலாமா?" என்றான் லாக்லன்.

"இவன் சாப்பிட்டுத் தூங்கியே போயிடுவான்," என்றாள் எஃபி.

தெற்குச் சரிவில் ஏறினார்கள். ஓடையைத் தாண்டும்போது இஷ்பெல் கல்லுக்குக் கல் நின்று யோசித்தாள். புதர்க்காடு முடிந்து கழுத்துப் போல ஒடுங்கிய மேட்டை அடைந்ததும் பனி ஆரம்பித்தது. அங்கிருந்து உச்சி வரை பழைய வேலியின் துருப்பிடித்த இரும்புக் கம்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. மேற்கிலிருந்து வந்த காற்று இடது கன்னத்தில் ஊசி மாதிரி குத்தியது. மேற்கே வானத்தின் அடி சாம்பல் நிறமாக இருந்தது.

'திரும்பிடலாம்' என்ற வார்த்தை இஷ்பெலின் வாய்வரை வந்தது. எஃபி முன்னால் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி போய்க்கொண்டிருந்தாள். தான் பயந்துவிட்டதாக அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாளே என்று நினைத்து இஷ்பெல் அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

உச்சியில் இருந்த கற்குவியலுக்குக் காற்றுப்படாத பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்து பாலாடைக்கட்டியும் ஓட்ஸ் ரொட்டியும் தின்றார்கள். தேநீர் குடித்து முடிப்பதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது. எழுந்து நின்றபோது உலகமே இல்லை. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஏறி வந்த தடங்களைக் காற்று அப்போதே தூர்த்துவிட்டிருந்தது. இஷ்பெல் குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். அது அந்தரத்தில் தொங்குவது போல இருந்தது. தலை சுற்றியது.

"ஒண்ணும் இல்ல. காம்பஸ் இருக்கு," என்றாள் எஃபி. மார்புப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்துத் தெற்கே திருப்பிப் பிடித்தாள். "என் பின்னாலயே வா."

நடந்தார்கள். எஃபியின் சிவப்புச் சட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் இஷ்பெலுக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று முதலில் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. கன்னம். ஏறும்போது காற்று இடது கன்னத்தில் அடித்தது. திரும்பி இறங்கும்போது வலது கன்னத்தில் அல்லவா அடிக்க வேண்டும்? இப்போதும் இடது கன்னம்தான் மரத்துக்கொண்டிருந்தது.

"எஃபி, நில்லு. காத்து தப்பான பக்கம் இருக்கு."

"காத்து திரும்பியிருக்கும்."

"நாம வடக்கே போறோம்னு தோணுது."

"முள்ளு தெற்குன்னு சொல்லுதுடி. உன் கன்னம் சொல்றதைக் கேக்கவா, காம்பஸ் சொல்றதைக் கேக்கவா?"

வடக்கே என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். மலை அங்கே கத்தியால் வெட்டினாற்போல் முடிகிறது. குளிர்காலம் முழுக்கக் காற்று அந்த விளிம்பில் பனியைக் கொண்டுவந்து சேர்த்து, கூரையின் இறவாரம் போல வெளியே நீட்டிவிடும். மேலே நிற்பவருக்கு அது தரை மாதிரிதான் தெரியும். கீழே ஒன்றும் இருக்காது.

இஷ்பெல் ஒரு கைப்பிடிப் பனியை உருட்டி, எஃபியின் தோளுக்கு மேலாக வீசினாள். தரையில் விழுந்தால் சின்னதாக ஒரு குழி தெரியும். அதை வைத்துத் தரை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

உருண்டை போனது. குழி தெரியவில்லை. விழுந்த சத்தமும் கேட்கவில்லை.

"எஃபி," என்றாள். தன் குரல் அவ்வளவு மெதுவாக வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. "அசையாதே. காலைத் தூக்காதே."

எஃபி திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரும்பலே போதுமாக இருந்தது. அடியில் எங்கோ கனமான கதவைச் சாத்துவது போல ஒரு சத்தம். எஃபிக்கு முன்னால் இருந்த வெள்ளை சத்தமில்லாமல் கீழே போயிற்று. அவளுடைய வலது கால் இடுப்புவரை இறங்கி வெறும் காற்றில் தொங்கியது.

இஷ்பெல் யோசிக்கவில்லை. அப்படியே குப்புற விழுந்தாள். ஊன்றி நடந்துவந்த பனிக்கோடரியைப் பக்கத்துப் பனியில் குத்தி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். மறு கை எஃபியின் முதுகுப்பை வாரைப் பற்றியது. இடுப்பில் மின்னல் மாதிரி வலி ஓடியது. இப்போது இந்தப் புது மூட்டு கழன்றால் இருவரும் போய்ச் சேர்வோம் என்று நினைத்தாள். எஃபியின் மூச்சு நாய் இரைப்பது போலக் கேட்டது.

"படு. முன்னால சாஞ்சு படு. என்னைப் பாக்காதே, கையை மட்டும் நீட்டு."

விரல் விரலாக நகர்ந்து எஃபி வந்தாள். பிறகு இருவரும் பாம்பு போலப் பின்னோக்கி ஊர்ந்தார்கள். எழுந்து நிற்க யாருக்கும் தைரியம் வரவில்லை. தாங்கள் வந்த தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது. அதன் மேலேயே தவழ்ந்து கற்குவியலுக்கு வந்து சேர்ந்தார்கள். எஃபியின் முழங்கால் பிசகியிருந்தது. அவளுடைய பற்கள் தந்தியடித்தன.

இஷ்பெல் தன் பழைய திசைகாட்டியைப் பையிலிருந்து தோண்டி எடுத்தாள். இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றின் சிவப்பு முனை ஒரு பக்கம், மற்றதன் சிவப்பு முனை நேர் எதிர்ப் பக்கம்.

அந்த நிமிடம்தான் எல்லாவற்றையும்விட மோசமானது என்று இஷ்பெல் பிறகு சொன்னாள். விளிம்பில் பயப்பட நேரம் இருக்கவில்லை. இங்கே இருந்தது.

"எது பொய் சொல்லுது?" என்றாள் எஃபி.

"உன்னோடதை எங்க வச்சிருந்தே?"

"இங்கதான். போன் கூட." எஃபி மார்புப் பையைத் தொட்டாள். போன் உறையின் மூடியில் காந்தம் இருந்தது. டப்பென்று ஒட்டிக்கொள்ளும் மூடி. எத்தனையோ வாரமாக இரண்டும் ஒரே பையில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்திருக்கின்றன. முள் தலைகீழாகிவிட்டது.

எஃபி முகத்தை மூடிக்கொண்டாள். "என் பேரப்பிள்ளையை நான் இன்னும் பாக்கக்கூட இல்லடி."

"பாப்பே. எந்திரி." சொல்லிவிட்டாளே தவிர, இஷ்பெலுக்கே நிச்சயமில்லை. காற்று உண்மையிலேயே திரும்பியிருந்தால்? தன்னுடைய திசைகாட்டியும் பழுதாகியிருந்தால்? போனில் சிக்னல் இல்லை. குளிருக்கு அடக்கமாக எடுத்துவந்திருந்த பெரிய ஆரஞ்சுப் பைக்குள் நுழைந்து இங்கேயே விசில் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இருட்டிய பிறகுதான் லாக்லன் யாரையும் கூப்பிடுவான். எஃபி அதுவரை தாங்குவாளா என்று தெரியவில்லை. அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

பையிலிருந்த கயிற்றால் தன் இடுப்பையும் எஃபியின் இடுப்பையும் கட்டினாள். காற்றை வலது கன்னத்தில் வாங்கிக்கொண்டு நின்றாள். தன் திசைகாட்டியும் அதே பக்கம்தான் தெற்கு என்றது. ஒரு பனி உருண்டையை வீசினாள். குழி விழுந்தது. அதுவரை நடந்தார்கள். இன்னொன்று வீசினாள். மறுபடி குழி. ஒவ்வொரு முறை கையை ஓங்கும்போதும் அடுத்தது விழாது, அடுத்தது விழாது என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏதாவது பேசுடி," என்றாள் பின்னால் எஃபி. "நீ பேசாம இருந்தா பயமா இருக்கு."

"என்ன பேச?"

"திட்டு."

"கீழ போய்த் திட்றேன். இப்ப மூச்சு இல்ல."

பிறகு வெள்ளைக்குள் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. இஷ்பெல் நம்பாமல் கிட்டே போய்க் கையுறையைக் கழற்றித் தொட்டாள். துரு. வேலிக்கம்பம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எஃபியும் வந்து பிடித்துக்கொண்டாள். அழுவதா சிரிப்பதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

கம்பத்திலிருந்து கம்பமாக இறங்கினார்கள். கழுத்து மேட்டுக்குக் கீழே மேகம் விலகியது. தூரத்தில் ஆட்டுப்பட்டியும் அதன் பக்கத்தில் நிறுத்திய காரும் தெரிந்தன. போனில் சிக்னல் வந்தது. இஷ்பெல் லாக்லனைக் கூப்பிட்டு, எஃபிக்கு முழங்கால் பிசகிவிட்டது, வெந்நீர்ப் பை போட்டு வை என்று மட்டும் சொன்னாள்.

கார் ஓட்ட எஃபியால் முடியவில்லை. சாவியை நீட்டினாள். இஷ்பெல் ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து அதைச் சொருகினாள், திருகவில்லை.

"மேட்டுலயே திரும்பிடலாம்னு நெனச்சேன்," என்றாள் இஷ்பெல். "நீ சிரிப்பேன்னுதான் வாயைத் திறக்கல."

எஃபி வெளியே பார்த்தபடி இருந்தாள். "சிரிச்சுத்தான் இருப்பேன்," என்றாள்.

திங்கட்கிழமை இஷ்பெல் வேனை எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் வழக்கம்போலக் கத்தினார்கள். பல நாள் இரவில் பனி உருண்டை ஒன்று கையை விட்டுப் போய் விழாமலே இருக்கும் கனவு வந்தது. எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் மே மாதம் அவளே எஃபியைக் கூப்பிட்டாள். பனி போய்விட்டிருந்தது. சின்ன மலை ஒன்றில் பாதி ஏறியதும் தூறல் வந்தது. மேலே மேகம் கொஞ்சம் இறங்கியது.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் இஷ்பெல்.

"எனக்கும்தான்," என்றாள் எஃபி. அங்கேயே ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கித் தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினார்கள்.