கொஞ்சம் டல்

1

இந்தக் கதையைத் தொடங்கி முப்பத்தொரு மணி நேரம் ஆகிறது. கையில் இருப்பது ஒரு சொல் மட்டும்: டல்.

பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி ஃபோனில் சொன்னது. "இல்லடி, போரெல்லாம் இல்ல. டல்லா இருக்கு, அவ்வளவுதான்." அவள் கட்டுகஸ்தோட்டையில் இறங்கிப் போய்விட்டாள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? போர் என்றால் வெளியே ஏதோ சரியில்லை. படம் போர், லெக்சர் போர். ரப்பிஷ், நொன்சென்ஸ் என்று ஒருவரைத் திட்டலாம். டல் என்று திட்ட முடியாது. வானம் டல், வியாபாரம் டல். யார் மேலும் குற்றமில்லை. முகத்தைப் பார்த்து விசாரிக்க மட்டும் முடியும்: "என்ன, டல்லா இருக்கீங்க?"

அப்படி விசாரிக்கப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது. பரிமளம் என்று பெயர் வைத்தேன்.

2

மலையெங்கும் பனி மூடியிருந்த அந்தக் காலைப் பொழுதில், கலஹா பஸ்ஸிலிருந்து இறங்கிய பரிமளம்—

(வேண்டாம். மலைநாடு என்றாலே பனியைக் கொண்டுவந்துவிடுகிறோம். அன்று நல்ல வெயில்.)

பரிமளத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இல்லை. கலஹாவில் இருக்கிறாள். ஒரே மகள் சஞ்சீவனி விஞ்ஞானப் பட்டதாரி. கண்டி டவுனில் அறை எடுத்துத் தங்கி, தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை செய்கிறாள். பௌர்ணமிக்கு வரும் போயா லீவுக்கு வீட்டுக்குப் போவாள், சில போயாவுக்குப் போகமாட்டாள். மூச்சு வாங்குகிறது என்று பரிமளம் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள்.

இது போதும்.

3

காலையில் பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். பின்னால் மருத்துவ மாணவர்கள். அவர்களில் ஒருவன் பரிமளத்தின் முதுகில் ஒரு விரலை வைத்து, மற்றக் கைவிரலால் அதன்மேல் தட்டினான். மேலே தட்டினான். கீழே தட்டினான்.

"பெலாக்காயத் தட்டுற மாதிரி தட்டுறீங்களே மாத்தயா, பழுத்திருச்சா?"

அவனுக்குச் சிங்களம்தான், தமிழ் தெரியாது. "டல், ஸேர்" என்றான் டாக்டரிடம். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தான். "அம்மே, டிகக் டல்." கொஞ்சம் டல் என்று.

பரிமளம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமாங்க மாத்தயா" என்றாள். "ரொம்ப நாளாவே."

(அந்த மாணவனுக்கு டல் என்பது ஒரு சத்தத்தின் பெயர். நுரையீரலில் காற்று இருப்பதால், நெஞ்சைத் தட்டினால் வெறும் டின்னைத் தட்டியது போலக் கேட்கும். அதைச் சுற்றி நீர் கோத்திருந்தால் சத்தம் அமுங்கிவிடும். கதை பாடமாகிவிடும் என்று இந்த விளக்கத்தை இரண்டு முறை வெட்டினேன். விளக்காவிட்டால் நீங்கள் பரிமளத்தைப் பார்த்துச் சிரித்துவிடலாம் என்று திரும்பச் சேர்த்தேன். அவள் ஆங்கிலத்தைப் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. கண்டியில் எல்லாரும் விளங்கிக்கொள்வது போலத்தான் விளங்கிக்கொண்டாள்.)

4

பின்னேரம் நோயாளர்களைப் பார்க்கும் நேரத்தில் சஞ்சீவனி வந்தாள்.

"சஞ்சு, இன்னைக்கு ஒரு டாக்டர் புள்ள வந்துச்சு. முதுகத் தொட்டே சொல்லிருச்சு, நா டல்லா இருக்கேன்னு. நா அதப் பத்தி வாயே தொறக்கல புள்ள."

பக்கத்துக் கட்டிலில் அக்குறணைக்கார ஆஸிகா படுத்திருந்தாள். "விடியக் காலத்தால இருந்து இதே கதைதான் மகள். ஒங்கட உம்மாக்கு டல் மட்டுந்தானே? எனக்கெண்டா சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் ஈக்கு. நான் ஆருக்கிட்டயாச்சும் சென்னேனா?"

"பாத்தியா, பொறாம" என்றாள் பரிமளம். "ஆனா முதுகுல ஊசி குத்தணுமாம். கையெழுத்துக் கேக்குறாங்க. டல்லுக்கு எதுக்குடி ஊசி? நாளைக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

சஞ்சீவனி அப்போதுதான் டாக்டரோடு பேசிவிட்டு வந்திருந்தாள். நெஞ்சில் கோத்த நீரை நாளைக் காலையே எடுத்துச் சோதிக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். எதனால் என்று அதற்குப் பிறகுதான் தெரியும் என்றார். என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. படித்திருக்கிறாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். டல் என்று ஒருவன் சொன்னதிலிருந்து அந்த முகம் டல்லாக இல்லை.

5

முடிவு அ: "டல்லுக்குத்தாம்மா இந்த ஊசி" என்று சொல்லிச் சஞ்சீவனி கையெழுத்து வாங்கிவிடுகிறாள்.

(எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் ஊசி குத்திய பிறகு, கலஹாவில், பரிமளம் டல் போய்விடும் என்று காத்திருப்பாள். அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை.)

முடிவு ஆ: உண்மையை ஆஸிகாவே—

(கோழைத்தனம். சொல்லும் வேலையைப் பக்கத்துக் கட்டிலில் தள்ளிவிடப் பார்க்கிறேன்.)

6

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். வந்தவர்கள் எழும்பினார்கள். சஞ்சீவனி கதிரையை விட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தத் தம்பி சொன்னது வேற டல். உங்க நெஞ்சுக்குள்ள தண்ணி கோத்திருக்கு. தட்டினா சத்தம் அமுங்கிக் கேக்கும், அதுக்குப் பேருதான் டல். ஊசியால எடுத்துப் பாத்தாத்தான் என்ன நோய், என்ன வருத்தம்னு தெரியும். பெரிய வருத்தமாவும் இருக்கலாம்."

(இந்த இடத்தில் அழுகை எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

"பேனாவக் குடு" என்றாள் பரிமளம். தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவள் ஒன்று கேட்டாள். சஞ்சீவனியின் பதிலாக நான் எழுதிப் பார்த்தவை எல்லாம் பொய்யாக இருக்கின்றன. அதனால் கேள்வியை மட்டும் வைக்கிறேன். பதில் உங்கள் பொறுப்பு.

"அப்ப, நா தனியாக் கெடக்கேன்னு அந்த டாக்டர் புள்ள சொல்லலியா?"