மாஸ்டருக்கு வராத எஃப்

மாஸ்டருக்குக் கிட்டாரில் தெரிந்தது மொத்தம் நான்கு கார்டுகள், அதாவது நான்கு விரல்பிடிகள். ஜி, டி, ஈ மைனர், சி. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இருபத்திரண்டு வருஷம் ஊரை ஏமாற்ற முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும். ரேடியோவில் உருகுகிற காதல் பாட்டில் பாதிக்கு மேல் அந்த நான்குக்குள் அடங்கிவிடும். வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டால் அழுகிற பாட்டு போய் ஆடுகிற பாட்டு வந்துவிடும். வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், சனிக்கிழமை கிட்டாரை மாட்டிக்கொண்டு கல்யாண மேடையில் ஏறினால் மாஸ்டர். யார் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று தெரியாது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வராதது எஃப். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகள் மேலும் படுக்கவைத்து அழுத்த வேண்டும். மாஸ்டர் அழுத்தினால் இரண்டு கம்பி பேசும், நான்கு கம்பி முனகும். இருபது வயதில் ஒரு மாதம் மல்லுக்கட்டிப் பார்த்தார். விரல் வீங்கியதுதான் மிச்சம். அப்புறம் கேபோ என்கிற சின்னக் கவ்வி கிடைத்தது. கிட்டாரின் கழுத்தில் அதைக் கவ்வவிட்டு அதே நான்கு கார்டைப் பிடித்தால், பாட்டு தானாக ஸ்ருதி ஏறிக்கொள்ளும். மேலே ஏற்றத்தான் அது உதவும், கீழே இறக்க உதவாது என்று மாஸ்டர் நம்பினார். இறக்க வேண்டிய தேவையும் வரவில்லை. குழுவில் பாடியது அவருடைய சொந்த அக்கா. எந்த உயரத்துக்கு ஏற்றினாலும் சிரித்துக்கொண்டே ஏறிவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. காயம் ஆறியதும் முதல் வேலையாக ஒத்திகைக்கு ஓடி வந்தாள்.

"மேல கொஞ்சம் எட்டாதாம்டா. இறக்கிப் பாடினா ஒரு தொந்தரவும் இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. இறக்கி வாசி பாக்கலாம்."

மாஸ்டர் கேபோவைக் கழற்றினார். கொஞ்சம் இறங்கியது. அக்காவுக்கு அது போதவில்லை, பல்லவியிலேயே குரல் உடைந்தது.

"இன்னும் இறக்குடா."

இன்னும் இறக்குவதென்றால் வேறு கார்டுகள் வேண்டும். அங்கே எஃப் உட்கார்ந்திருந்தது. 'எனக்கு வராதுக்கா' என்று நான்கு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுக்கு மேல இறக்கினா பாட்டு செத்துடும்க்கா. டாக்டருக்கு என்ன பாட்டு தெரியும்? உன் குரல் போச்சு, ஒத்துக்கோ" என்றார்.

அக்கா ஒத்துக்கொண்டாள். தம்பி மாஸ்டர் அல்லவா!

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற அத்தான், அதாவது அக்காவின் கணவர், தினமும் காலையில் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். அக்கா கொப்பளித்தாள். ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் போகாமல் சுற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். "தொண்டையையும் அறுத்துட்டு, இறக்கிப் பாடுன்னு சமாளிச்சான் பாரு அந்தப் பாவி" என்று டாக்டரைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது விடியவில்லை. அவள் திட்டும்போதெல்லாம் மாஸ்டர் "ஆமாக்கா" என்பார். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வார். அந்த 'ஆமா' தொண்டையை விட்டு வருவதற்குள் அவருக்குக் காது மடல் சுடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஒத்திகை. சுவரில் கண் பரிசோதனை எழுத்துகள், மூலையில் லென்ஸ் தேய்க்கிற மெஷின், நடுவில் டிரம்ஸ். இரண்டு வருஷமாக வாடகைப் பாடகிகளை வைத்து ஓட்டிய குழுவுக்கு, புதிதாகப் பாட வந்தவர் தபால் ஆபீசில் வேலை பார்க்கிற ஓர் அம்மா. தன் பாட்டு நோட்டை அவரிடம் கொடுப்பதற்காக அக்காவும் வந்திருந்தாள். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, இருபது வருஷமாக எழுதிய நோட்டு. கொடுக்கும்போது அட்டையை ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

முதல் பாட்டாக அக்கா எப்போதும் கடைசியில் பாடிய பாட்டையே மாஸ்டர் எடுத்தார். கேபோ இரண்டாம் கட்டத்தில். தபால்கார அம்மா இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினார்.

"எனக்கு இவ்வளவு ஏறாதுங்க. இறக்கி வாசிங்க."

"இறக்கினா பாட்டு செத்துடும்மா" என்றார் மாஸ்டர். மனப்பாடமான வரி, தடங்கலில்லாமல் வந்தது.

"அப்படியா? கொடுங்க, பாக்கலாம்."

கையை நீட்டினால் கொடுக்காமல் எப்படி இருப்பது? அந்த அம்மா கிட்டாரை மடியில் வைத்து, கேபோவை நான்காம் கட்டத்துக்குத் தள்ளினார். ஜிக்குப் பதிலாக, அதைவிடத் தாழ்ந்த சி-யில் தொடங்கினார். ஜி பிடித்தார். ஏ மைனர். அப்புறம் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, பேச்சுவாக்கில் செய்வதுபோல ஓர் எஃப். ஆறு கம்பியும் பேசியது. கேபோ மேலே ஏறியிருந்தது, பாட்டு கீழே இறங்கியிருந்தது. அதே பாட்டுதான். சாகவில்லை.

அவர் பாட ஆரம்பிப்பதற்குள் அக்கா முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். முணுமுணுப்பு குரலாயிற்று. பழைய குரல் இல்லை, அடியில் கனமான வேறொரு குரல். உச்ச வரி வரும்போது பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். குரல் தடுக்காமல் போய்த் தொட்டுவிட்டு இறங்கியது. அத்தான் குச்சியை மடியில் வைத்துவிட்டு மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நல்லா பாடறீங்க, ஏன் நிறுத்தினீங்க?" என்று தபால்கார அம்மா கேட்டார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, இதை அப்பவே இறக்கியிருக்கலாமா?"

பொய் தயாராக இருந்தது. 'அப்ப உனக்குக் காயம் ஆறலக்கா' என்றால் முடிந்தது, அவள் நம்பிவிடுவாள். இரண்டு வருஷமாக எதைச் சொன்னாலும் நம்பியவள். அவள் நம்புவாள் என்பதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

"இறக்கியிருக்கலாம்க்கா. எனக்கு எஃப் வராது. எப்பவுமே வந்ததில்ல. வெக்கப்பட்டுக்கிட்டு உன் குரல் மேல பழியப் போட்டுட்டேன்."

அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரெண்டு வருஷம் உப்புத் தண்ணி காய்ச்சினேனேடா" என்றார். அதட்டவில்லை, கணக்குக் கேட்கவில்லை, வெறுமனே சொன்னார். அடித்திருந்தால் தேவலை என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

அக்கா கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டாள். "அப்ப அந்த டாக்டர் உண்மையத்தான் சொல்லியிருக்காரு. எவ்வளவு திட்டியிருக்கேன் அந்த மனுஷனை! நாளைக்கு முதல் வேலையா போய் மன்னிப்பு கேக்கணும்."

"நானும் வரேன்க்கா."

"நீ எதுக்கு? திட்டினது நான், நான் கேக்கறேன். நீ பக்கத்துல நின்னு மறுபடியும் ஆமாம்பியா?"

மாஸ்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார். பெரிய எழுத்துகூடக் கலங்கித்தான் தெரிந்தது.

அக்கா எழுந்து, தபால்கார அம்மாவின் பக்கத்தில் இருந்த பாட்டு நோட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா, இது என்கிட்டயே இருக்கட்டும். சனிக்கிழமை நான் பாடறேன். நீங்க வாசிங்க."

அந்த அம்மா தர்மசங்கடமாக மாஸ்டரைப் பார்த்து, கிட்டாரை அவர் பக்கம் நீட்டினார். மாஸ்டர் வாங்கிக்கொள்ளவில்லை.