மிஸ்டர் பரோமீட்டரின் மூன்றாவது இதழ்

கம்சிகாவுக்கு அந்தக் காமிக்ஸ் வீரர்களில் ஒருவர் மீதும் மதிப்பு இருந்ததில்லை. முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து லண்டன் குட்மேய்ஸ் வீட்டில் ஆறு கிழமை படுத்திருந்தபோதுதான் அவர்களைக் கண்டுபிடித்தாள். எண்பது வருசத்துக்கு முன் அமெரிக்காவில் வந்து, இரண்டு மூன்று இதழோடு நின்றுபோன காமிக்ஸ்கள் இணையத்தில் சும்மா கிடந்தன. ஒருவன் இரண்டு கையிலும் நண்டுக்கால் மாட்டிக்கொண்டு கள்ளரைப் பிடிக்கப் போவான். கதவைத் திறக்க ஆள் கூப்பிடுவான். இன்னொருத்தி முறைத்துப் பார்த்தே எதிரியை மயக்குவாள், ஆனால் பகலில் அவளுக்குக் கண் தெரியாது. கள்ளர் பகலில்தான் வருவார்கள். முன்னூறு இதழ் வாசித்தும் உருப்படியாக ஒன்று கிடைக்கவில்லை. மருந்துக்கடை வேலைக்குத் திரும்பிய பிறகும் மத்தியான இடைவேளையில் விடாமல் வாசித்தாள். உதவாக்கரைச் சொந்தக்காரர் அடுத்து என்ன கூத்தடித்தார்கள் என்று விசாரிக்கிற மாதிரித்தான்.

சட்டனில் தமிழ் வாசகர் வட்டம் நடத்துகிற அக்கா மேனுஷா ஒருநாள் போன் எடுத்தாள். "சனிக்கிழமை உன்ரை ஆக்களைப் பற்றித்தான் பேச்சு. வாவன்."

பேசியவர் பிரவீணன், பல்கலைக்கழக விரிவுரையாளர். 'படுமுட்டாள் வீரர்கள்' என்ற பேச்சை ஊர் ஊராகக் கொண்டு திரிபவர். நூலக மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வோர் அட்டைப்படமாகத் திரையில் போட்டு ஒரு நக்கல் அடிப்பார். சிரிப்பு அடங்கும் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். கம்சிகாவும் முதலில் சிரித்தாள். பிறகுதான் கவனித்தாள், மனிதர் அட்டையைத் தாண்டி உள்ளே ஒரு பக்கத்தைக்கூடத் தொடவில்லை.

"இவர் மிஸ்டர் பரோமீட்டர்," என்றார். திரையில் இறுக்கமான மஞ்சள் உடுப்பில் ஓர் ஒல்லி மனிதன், நெஞ்சில் காற்றழுத்தமானி மாதிரி ஒரு முள்ளும் எண்களும். "வானிலைக் கந்தோரிலை கிளார்க். மழை வரப்போகுது எண்டு சொல்லியே கள்ளரை வெருட்டிறவர். மூண்டாவது இதழிலை இடி விழுந்து செத்துப்போனார். அதைக்கூட அவருக்கு முன்கூட்டிச் சொல்ல ஏலாமல் போச்சு."

மண்டபம் குலுங்கியது. கம்சிகா சிரிக்கவில்லை. கேள்வி நேரம் வந்ததும் எழும்பினாள்.

"மூண்டாவது இதழை எங்கை பாத்தனீங்கள்?"

"அது இணையத்திலை கிடக்கு, தங்கச்சி."

"கிடக்க ஏலாது. இரண்டோடை நிண்டுபோச்சு. மூண்டாவது அச்சடிக்கவே இல்லை."

பிரவீணன் கண்ணாடியைக் கழற்றினார். "பரோமீட்டருக்கு லண்டனிலை ஒரு ரசிகை இருக்கிறா எண்டு தெரியாமல் போச்சு," என்று சபையைப் பார்த்தார். நாற்பது பேரும் சிரித்தார்கள், மேனுஷாவும்தான்.

"ரசிகை இல்லை," என்றாள் கம்சிகா. "அது குப்பை. நான் இரண்டு இதழையும் வாசிச்சுப்போட்டுக் குப்பை எண்டு சொல்லுறன். நீங்கள் வாசிக்காமல் சொல்லுறியள்."

பின்வரிசையில் யாரோ, "அப்ப என்னதான் நடந்தது?" என்று கேட்டார்.

சொன்னாள். இரண்டாவது இதழில் பரோமீட்டர் பெரும்புயல் வருகிறது என்று நகரத்துக்கு அறிவிக்கிறான். சனம் முழுக்க ஊரை விட்டு ஓடுகிறது. புயல் வரவில்லை. வெறும் ஊருக்குள் கள்ளர் ஆறுதலாக வந்து, வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அடுத்தநாள் அவன் மஞ்சள் உடுப்பைத் தோய்த்து மடித்து, பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, பற்றுச்சீட்டும் வாங்கிக்கொள்கிறான். கடைசிப் படத்தில் கந்தோர் மேசையில் இருக்கிறான். மேலதிகாரி கேட்கிறார், இன்றைக்குக் குடை தேவையா என்று. அவன் தெரியாது என்கிறான்.

இடிக்குச் சிரித்ததை விடக் கூடச் சிரித்தது சபை. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேநீர் நேரத்தில் கம்சிகா ஒரு றோல்சைக் கையில் எடுக்க, பிரவீணன் பக்கத்தில் வந்து நின்றார். கோபிக்கப் போகிறார், அல்லது மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். இரண்டும் இல்லை.

"அந்தப் பற்றுச்சீட்டுக் கதை நல்லாயிருக்கு. லிங்கை அனுப்பி விடுவீங்களோ?"

அவள் அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை. நண்டுக்கால்காரன் கதவு திறக்க ஆள் கூப்பிடும்போதாவது கொஞ்சம் கூச்சப்படுவான்.

"எட்டுப் பக்கம்தான். பத்து நிமிசம் காணும்," என்று சொல்லி அங்கேயே அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து, ஸ்ட்ரெதமில் பிரவீணன் பேசிய வீடியோவை மேனுஷா அனுப்பியிருந்தாள். வானிலைக் கந்தோர், புயல், மடித்த உடுப்பு, பற்றுச்சீட்டு எல்லாம் கம்சிகா சொன்ன ஒழுங்கிலேயே, அவள் நிறுத்திய இடங்களில் நிறுத்தி, அவர் சொல்லிக்கொண்டு போனார். தன் பத்துவருச ஆராய்ச்சியில் கிடைத்த கதையாம். குடையை மட்டும் விட்டுவிட்டார். பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்கு வெளியே வந்த பரோமீட்டர் மேல் இடி விழுந்தது. சபை அதற்குத்தான் கூடச் சிரித்தது. லிங்கைத் திறந்தே பார்க்கவில்லை என்று அவளுக்கு விளங்கியது.

பின்னேரம் மேனுஷா போன் எடுத்தாள். "உன்ரை பேரையெண்டாலும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம்."

"நல்ல காலம், சொல்லேல்லை," என்றாள் கம்சிகா.